பாதி முகம் இருட்டில்: ஒரு தம்பியின் கேள்வி

"அக்கா, எனக்கு 22 வயசு. தண்டையார்பேட்டை. பிளஸ் டூ முடிச்சுட்டு ஐடிஐ-ல எலக்ட்ரீஷியன் படிச்சேன். இப்ப மாமாவோட மைக் செட், சீரியல் செட் கடையில வேலை. ஆடி மாசம் முழுக்கக் கோயில். மத்த நாள்ல கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங். போன டிசம்பர்ல எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல ஒரு நாடகத்துக்கு ஜெனரேட்டர் கேபிள் இழுக்கப் போனேன். வேலை முடிஞ்சதும் பின்னாடி நின்னு பார்த்தேன். அம்மாவா நடிச்சவங்க முகத்துல ஒரு பக்கம்தான் வெளிச்சம், இன்னொரு பக்கம் இருட்டு. லைட்டு ஒண்ணு எரியலைன்னு நினைச்சு ஓடக் கிளம்பினேன். அதுக்குள்ள அவங்க திரும்பினாங்க, அந்தப் பக்கமும் மெதுவா வெளிச்சம் வந்துச்சு. அது தப்பா வெச்சதா, வேணும்னே வெச்சதா? அன்னையிலிருந்து இதே நினைப்பு. நாடகத்துக்கு லைட் டிசைனர் ஆகணும்னா எங்க படிக்கணும்? டெல்லிக்குப் போகணுமா? எனக்கு இங்கிலீஷ் வராது. அப்பா ஹார்பர்ல லோடு வேலை. 'லைட்டு போடறதுக்கு எவனாச்சும் படிப்பானா'ன்னு கேக்குறாரு. இதுல சோறு கிடைக்குமா அக்கா?"

தம்பி, எடுத்ததுமே அக்கா என்று எழுதிவிட்டாய். அதனால் 'நீங்கள்' எல்லாம் போடாமல் நேராகப் பேசுகிறேன். நான் பெரம்பூர். அப்பா லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்தவர். மேடைக்கு லைட் போட ஆரம்பித்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அது வேண்டுமென்றே வைத்ததுதான். அந்த நாடகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் பதில் உன் கடிதத்திலேயே இருக்கிறது. "மெதுவா வெளிச்சம் வந்துச்சு" என்று எழுதியிருக்கிறாய். பழுதான லைட் மெதுவாக வராது. லூஸ் கனெக்‌ஷன் என்றால் பட்டென்று வரும், பட்டென்று போகும், உனக்குத் தெரியாததா? யாரோ ஒருவர் பின்னால் உட்கார்ந்து, அந்த அம்மா எப்போது திரும்புவார் என்று காத்திருந்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரை ஏற்றியிருக்கிறார். அவர் திரும்பிய வேகமும் லைட் ஏறிய வேகமும் ஒன்றாக இருந்ததால்தான் உன் கண்ணில் பட்டும் உறுத்தவில்லை.

லைட் எரியலை என்று ஓடக் கிளம்பினாய் பார், அது நல்ல எலக்ட்ரீஷியனின் கால். பாதி வழியில் நின்று பார்த்தாயே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எனக்கு வருகிற கேள்விகளில் முக்கால்வாசி "எந்த கன்சோல் வாங்கலாம், எந்த மூவிங் ஹெட் நல்லது" என்றுதான் இருக்கும்; லைட்டை ஆட்டுவிக்கிற பெட்டி, தானாகத் திரும்புகிற லைட், இவைதான். மேடையில் இருந்த ஒரு முகத்தைப் பற்றிக் கேட்டு வந்தது உன் கடிதம்தான்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு, இப்போது கையில் இருக்கிற ஒன்றையே சொல்கிறேன். சின்ன குழு, ஆறே பேர். வியாசர்பாடியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சாயங்காலம் ரிகர்சல். வீட்டை விட்டுப் போன தம்பி நாலு வருஷம் கழித்து ஒரு ராத்திரி திரும்பி வருகிறான். அக்கா அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள். அவனைப் பார்த்து அழவில்லை, திட்டவில்லை, "சாப்ட்டியா?" என்கிறாள். அந்த இடத்தில் வீடு முழுக்க வெளிச்சம் வர வேண்டும் என்றார் டைரக்டர். நானும் ஸ்கிரிப்டில் 'சாப்ட்டியா' என்ற சொல்லுக்கு மேல் க்யூ, அதாவது லைட் மாற வேண்டிய இடம், என்று குறித்துக்கொண்டேன்.

நாலாவது நாள்தான் கவனித்தேன். அந்தப் பெண் அதைச் சொல்வதற்கு முன்னால் கரண்டியைக் கீழே வைக்கிறாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைக்கிறாள். அப்புறம்தான் வாயைத் திறக்கிறாள். தம்பியை உள்ளே சேர்ப்பது என்று அவள் முடிவு செய்தது கரண்டியை வைக்கும்போதே. லைட் முழுசாக ஏற 6 செகண்ட் ஆகும். சொல்லில் ஆரம்பித்தால், பஸ் போன பிறகு கை காட்டுகிற கதைதான். இப்போது என் நோட்டில் "க்யூ 14 – கரண்டி கீழே – 6 செகண்ட்" என்று இருக்கிறது. அந்த வகுப்பறையில் இருந்ததோ ஒரே ஒரு ட்யூப் லைட்.

அதனால் நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ரிகர்சலில் போய் உட்கார். லைட் எதையும் தூக்கிக்கொண்டு போகாதே. ஏதாவது ஒரு நாடகக் குழுவைப் பிடித்து, "ஓரமா உட்கார்ந்து பார்க்கட்டுமா" என்று கேள். பெரும்பாலும் சரி என்பார்கள். டீ வாங்கி வரவும் சொல்வார்கள், வாங்கிக் கொடு. யார் எங்கே நிற்கிறார்கள், எந்தச் சொல்லில் திரும்புகிறார்கள், எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறார்கள் என்று எழுது. ஒரு மாதம் இப்படி உட்கார்ந்தவனுக்கு மேடையில் எந்த லைட் எங்கே வேண்டும் என்பது பாதி தானாகவே தெரிந்துவிடும்.

மீதியெல்லாம் உனக்கு ஓரளவு பழகிய வேலைதான். மேடையை அளந்து பிளான் போடுவது, பைப்பில் லைட்டைத் தொங்கவிடுவது, ஃபோகஸ் பண்ணுவது, ஒவ்வொரு க்யூவையும் கன்சோலில் ஏற்றுவது, டெக்னிக்கல் ரிகர்சலில் திட்டு வாங்குவது. ஃபோகஸ்தான் பொறுமை கேட்கும். நடிகர் நிற்கிற இடத்தில் ஒருவரை நிறுத்துவோம். ஏணி மேல் ஒருவர். ஹேலஜன் லைட் என்றால் கீழே நிற்பவரைக் கண்ணை மூடச் சொல்லி "சூடு எங்கே படுது, நெத்தியிலா தாடையிலா?" என்று கேட்பேன். நடு வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது பார்வையைவிட தோலுக்குத்தான் சீக்கிரம் தெரியும். எல்இடி வந்த பிறகு அந்தச் சூடும் இல்லை, அந்தக் கேள்வியும் போய்விட்டது.

ஒரு சங்கதியில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன், நீயாவது தப்பிக்கலாம். நான் தனியாக லைட் போட்ட முதல் நாடகம், தெற்கே ஒரு சபா ஹாலில். 1994. ராத்திரிக் காட்சி. ராத்திரி என்றால் நீலம் என்று எங்கேயோ படித்திருந்தேன். 'லீ 119' என்று ஒரு கரு நீல ஜெலட்டின் பேப்பர் உண்டு. அதை முன் லைட் அத்தனையிலும் மாட்டினேன். அந்தப் பேப்பர் தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் நூற்றில் 5 பங்கைக்கூட வெளியே விடாது. நடித்த பெண் நம்ம ஊர் நிறம், நல்ல கறுப்பு. கட்டியிருந்ததோ வெள்ளைப் புடவை. திரை விலகியதும் மேடையில் புடவை மட்டும் நடந்தது. முன் வரிசையில் ஒரு பாட்டி பக்கத்திலிருந்தவரிடம் "ஆவியா?" என்று கேட்டது, ஹாலின் பின்னால் இருந்த எனக்கே காதில் விழுந்தது. நாடகம் முடிந்து அந்தப் பெண் மேக்கப் கலைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நான் அழுதேன்க்கா. உங்க லைட்டு பார்க்கலை."

அதற்கப்புறம் ராத்திரிக்கு நீலத்தைப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோதான் விடுவேன். தலை, தோள், கை ஆகியவற்றின் ஓரம் மட்டும் நீலமாகத் தெரியும். முகத்துக்கு ஒரு பக்கத்திலிருந்து லேசான மஞ்சள் சாயலில் குறைந்த வெளிச்சம். பார்க்கிறவருக்கு அது ராத்திரி, நடிகருக்கு முகமும் உண்டு.

இதில் ஒரு பழைய பாடமும் இருக்கிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் லைட்டிங் சொல்லிக்கொடுத்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-ல் ஒரு முறையை எழுதிவைத்தார்: மேடையைப் பகுதி பகுதியாகப் பிரி, ஒவ்வொரு பகுதிக்கும் இடமும் வலமும் 45 டிகிரியில் இரண்டு லைட், ஒன்று வெதுவெதுப்பான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். உலகம் முழுக்க இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், நீயும் கற்றுக்கொள். ஆனால் என் அபிப்பிராயம்: தாழ்ந்த கூரை போட்ட நம் ஹால்களில் அந்த 45 டிகிரி கிடைக்காது, முகத்துக்கு நேராகத்தான் அடிக்கும், எல்லா முகமும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தட்டையாகிவிடும். கறுத்த தோலுக்குப் பக்கவாட்டு லைட்தான் அழகு. கன்ன எலும்பில் வெளிச்சம் வழுக்கிப் போகும். நீ பார்த்த அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் விங் என்கிற மேடை ஓர மறைவிலிருந்து ஒரு சைடு லைட் வைத்திருப்பார்கள்.

பார் லைட் என்கிற உருண்டை மேடை விளக்கு எல்இடி-யில் வந்தால் இன்னொரு தொல்லை. மலிவாகக் கிடைப்பதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றே நிறம். மூன்றையும் கலந்தால் சுவர் வெள்ளையாகத் தெரியும். முகமோ காய்ச்சல்காரர் மாதிரி தெரியும். மாமா அடுத்த தடவை வாங்கும்போது வெள்ளையோ ஆம்பரோ சேர்ந்த மாடலாகப் பார்க்கச் சொல். கல்யாணப் பொண்ணுக்கும் நல்லது.

சீரியல் செட்டைக் கேவலமாக நினைக்காதே. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆடி மாசம் எங்கள் தெரு முனையில் பல்பாலேயே அம்மன் நிற்பாள். சூலம் ஏறி இறங்கும். பின்னால் போய் எட்டிப் பார்த்தால், தகடு அடித்த ஒரு மர உருளை மோட்டாரில் சுற்றிக்கொண்டிருக்கும். தகடு கம்பியைத் தொடும்போது அந்த வரிசை எரியும். இன்னொரு தடவை கூழ் வாங்குகிற சாக்கில் போய் அந்த உருளையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எது எப்போது எரிய வேண்டும் என்பதை ஒரு பொருளில் எழுதி வைக்கலாம் என்று எனக்குக் காட்டியது அதுதான். இப்போது நீங்கள் பிக்சல் போர்டுக்கு எஸ்டி கார்டில் ஏற்றுவதும் அதேதான். நாடகத்தில் கன்சோலிலிருந்து லைட்டுக்குக் கட்டளை போகிற வழியை டிஎம்எக்ஸ் என்கிறோம்: 1986-ல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்பக்காரர்கள் வகுத்த முறை; ஒரே கேபிளில் 512 சேனல். மைக் செட்காரனான உனக்கு ஒரு எச்சரிக்கை: மூணு பின் மைக் கேபிள் அதில் கச்சிதமாக மாட்டும், பக்கத்தில் வேலையும் செய்யும். தூரம் போனதும் லைட் எல்லாம் பேய் பிடித்த மாதிரி துடிக்கும். அதற்கென்று 120 ஓம் கேபிள் இருக்கிறது. வரிசையின் கடைசி லைட்டில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு டீ காசுக்கும் குறைவாகக் கிடைக்கிற அந்த ரெசிஸ்டரைத் தேடாமல், லைட்டைக் கழற்றி மாட்டியே ராத்திரியைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கன்சோல் வாங்கப் பணம் வேண்டாம். 'க்யூஎல்சி ப்ளஸ்' என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, பழைய லேப்டாப்பிலேயே ஓடும். கடையில் சும்மா கிடக்கும் நாலு லைட்டை மாட்டி, உன் தங்கையையோ பக்கத்து வீட்டுப் பையனையோ நாற்காலியில் உட்காரவைத்து, அந்த அம்மாவுக்கு வந்த வெளிச்சத்தை நீயே வரவழைத்துப் பார். 3 செகண்டில் ஏற்று, 10 செகண்டில் ஏற்று. ஒரே முகம் இரண்டு கதை சொல்லும்.

கண்ணுக்கு வேறு பயிற்சி. உனக்குக் காசிமேடு பக்கம்தானே? விடியற்காலை நாலு மணிக்கு ஏலம் நடக்கிற இடத்துக்குப் போ. போட்டோ எடுக்காதே. செல்போன் கேமரா இருட்டையும் நிறத்தையும் தானாகத் திருத்திக்கொள்ளும், நீ பார்த்ததை அது பார்க்காது. நோட்டில் எழுது. கம்பத்து எல்இடி மீன்காரம்மாவின் தலைக்கு மேலிருந்து அடிக்கும்போது கண் இரண்டும் குழியாகத் தெரிகிறதா? கீழே ஐஸ் பெட்டியிலிருந்து எகிறுகிற வெளிச்சம் தாடையில் படுகிறதா? வானத்தின் நீலம் எந்த நிமிஷத்தில் வந்து விளக்கை ஜெயிக்கிறது? வீட்டுக்குத் திரும்பினால், அப்பா டிவி பார்த்தபடியே தூங்கும்போது அவர் முகத்தில் என்ன நடக்கிறது என்று பார். எந்த நாடகத்திலாவது ஒரு நாள் அந்த டிவி வெளிச்சம் உனக்குத் தேவைப்படும்.

இனி கரண்ட். ஐடிஐ படித்தவனுக்கு இதைச் சொல்கிறேனே என்று நினைக்காதே. படித்தவர்கள்தான் அவசரத்தில் மறக்கிறார்கள். 1,000 வாட் பார் லைட் ஒன்று 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் எடுக்கும். 15 ஆம்பியர் பாயின்ட்டில் மூணுதான், நாலாவதற்கு இடமில்லை. 12 லைட் என்றால் 52 ஆம்பியர். மூணு ஃபேஸில் நாலு நாலாகப் பிரித்துப் போடு. ஹால் எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பார்த்து வணக்கம் சொல்லாமல் ஒரு பிளக்கும் சொருகாதே. எந்தப் பாயின்ட்டுக்கு உண்மையிலேயே எர்த் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா, திறந்த மைதானம், சாயங்காலம் லேசாகத் தூறியது. எங்களோடு வந்த பையன் வெறும் காலோடு ஈர மணலில் நின்று ஸ்டாண்டைப் பிடித்தான். டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று மணலில் கிடந்தது, யாரும் பார்க்கவில்லை. அவனைத் தூக்கிப் போட்டது. பிழைத்துக்கொண்டான், இரண்டு விரல் இன்னும் முழுசாக நீளாது. அன்றிலிருந்து கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாத லைனில் நான் மேடைக்குக் கரண்ட் எடுப்பதில்லை. "இன்னைக்கு ஒரு நாள்தானே மேடம்" என்பார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய நாட்களும் உண்டு. மேலே தொங்குகிற ஒவ்வொரு லைட்டுக்கும் தனிச் சங்கிலி, ஏணிக்குக் கீழே பிடிக்க ஒரு ஆள். ஒயர்மேன் லைசென்ஸ் இன்னும் எடுக்காமல் இருந்தால் எடுத்து வை.

டெல்லிக்கு வருகிறேன். தேசிய நாடகப் பள்ளி 1959-ல் தொடங்கியது. மூணு வருஷப் படிப்பு, டிசைனும் உண்டு. நல்ல இடம். ஆனால் டிகிரி கேட்பார்கள், நாடகத்தில் வேலை செய்த அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடகத் துறை இருக்கிறது. முதுகலை, அதற்கும் டிகிரி வேண்டும். கர்நாடகாவில் ஹெக்கோடு என்ற கிராமத்தில் நீநாசம் என்ற நாடகப் பள்ளி இருக்கிறது. பாக்குத் தோப்புக்கு நடுவில் நாடகம் படிக்கலாம், ஆனால் கன்னடத்தில். நீ செய்ய வேண்டியது, அஞ்சல் வழியில் ஒரு டிகிரிக்குப் பணம் கட்டிவிட்டு, அது முடிகிறவரை சென்னையில் ஏதாவது ஒரு குழுவோடு இருப்பது. அப்புறமும் டெல்லி ஆசை இருந்தால் போ. கையில் பத்து நாடகத்தின் க்யூ ஷீட்டோடு போகிறவன் அங்கே கற்றுக்கொள்வது வேறு.

இங்கிலீஷ்? லைட், ஃபோகஸ், டிம்மர், ஃபேட் என்று நீ பேசுவதில் பாதி ஏற்கெனவே அதுதான். ஜெலட்டினுக்கு நம்பர், சேனலுக்கு நம்பர், க்யூவுக்கு நம்பர். மேனுவல் படிக்கிற அளவுக்கு வந்தால் போதும், அது ஆறு மாசத்தில் வரும். அதைவிட எனக்குக் கவலை, நீ தமிழில் நாடகம் படிக்கிறாயா என்பதுதான். கன்னிமாரா நூலகத்தில் நாடகப் புத்தகங்கள் இருக்கின்றன. நீ கேபிள் இழுத்தாயே, அந்த மியூசியம் தியேட்டருக்குப் பக்கத்துக் கட்டடம். வாரம் ஒன்று படி. படிக்கும்போது ஒவ்வொரு காட்சிக்கும் "இது எத்தனை மணி, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து?" என்று ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டு வை. நூலகப் புத்தகத்தில் எழுதித் தொலைக்காதே.

சோறு. நாடகம் மட்டும் போட்டு இந்த ஊரில் லைட் டிசைனர் யாரும் வீட்டு வாடகை கட்டி நான் பார்த்ததில்லை. என் முதல் சம்பளம் 300 ரூபாய். அதில் 120 ஆட்டோவுக்குப் போனது. எனக்குச் சோறு போடுவது பரதநாட்டிய அரங்கேற்றம், மார்கழி சீசன், பள்ளி ஆண்டுவிழா, கம்பெனி விழாக்கள். அரங்கேற்றத்தில் டிசைன் எல்லாம் பத்து நிமிஷம்தான். அப்புறம் போட்டோகிராஃபர் வந்து "இன்னும் ப்ரைட்டா" என்பார், போட்டுவிட்டு வருவேன். அந்தப் பணத்தில் வருஷத்துக்கு நாலு நாடகம். கணக்கு இதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

அதனால் மாமா கடையை விடாதே. என்னைப் போல டிசைனர்கள் வாடகைக்கு லைட் தேடி அலைகிறோம். உனக்கு லைட் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் பில்லை இப்போதிலிருந்தே இரண்டாகப் பிரித்து எழுதப் பழகு: லைட் வாடகை இவ்வளவு, டிசைனுக்கு இவ்வளவு. ஒரே வரியில் "லைட் செட்டிங்" என்று எழுதினால் உன் மூளைக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள், மாமா உட்பட. டிசைன் வரியில் முதலில் 500 ரூபாய் போட்டாலும் பரவாயில்லை, வரி இருக்கட்டும்.

மேடைக்காகக் கூவம் ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதுமில்லை. ஒரு காலத்தில் நாடகம் பார்க்க ஜனம் நம் வடசென்னைப் பக்கம் வந்தது. வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடை கொட்டகையில், சிறுவர்கள் நடிக்கிற பாய்ஸ் கம்பெனிகள் ஆடின. இப்போது அத்திப்பட்டுப் பக்கமிருந்து கரண்ட் மட்டும் தயாராகிப் போகிறது, ஹால் எல்லாம் தெற்கே. அந்த எரிச்சல் எனக்கு உண்டு. ஆனாலும் தவக்காலத்தில் நம் பக்கத்துப் பங்குக் கோயில்களில் இயேசு சிலுவையில் பட்ட பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுகிறார்கள், பார்த்திருப்பாய். நூறு பேர் நடிப்பார்கள், நாலு ஃப்ளட் லைட்டை முகத்துக்கு நேராக அடித்துவிடுவார்கள். சிலுவையில் தொங்குபவருக்கும் காவல்காரனுக்கும் ஒரே வெளிச்சம். ஃபாதரிடம் போய், வாடகை வாங்காமல் ஒரு காட்சிக்கு மட்டும் லைட் போட்டுக் காட்டுகிறேன் என்று கேள். கெத்சமனித் தோட்டத்துக் காட்சியைக் கேட்டு வாங்கிக்கொள். ராத்திரி, ஒரு மனிதர் தனியாக முழங்காலில், தூரத்தில் தீப்பந்தங்கள் வருகின்றன. இதைவிட நல்ல பரீட்சை எந்தப் பள்ளியிலும் வைக்க மாட்டார்கள். நீலப் பேப்பரை முன்னால் மாட்டாதே, அவ்வளவுதான்.

ஒரு சுரங்க நாடகம் பற்றியும் அப்பாவிடம் சொல். 1959-ல் கொல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத் போட்டது. சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளிகள் மூழ்கிச் சாகிற காட்சி. மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் மட்டம் ஏற ஏற ஆட்கள் அமிழ்ந்துபோவதை லைட் டிசைனர் தாபஸ் சென் லைட்டாலேயே காட்டினார். அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

சொன்னாலும் அப்பா நம்ப வேண்டும் என்பதில்லை. நீ அவரிடம் ஒன்று கேள். கப்பலின் அடித்தட்டில் ராத்திரி லோடு இறக்கும்போது விளக்கு எந்தப் பக்கம் இருந்தால் நல்லது, எந்தப் பக்கம் இருந்தால் மூட்டையின் நிழல் விழுந்து அடுத்தவன் கை தெரியாமல் போகும் என்று. பதில் அவருக்குத் தெரிந்திருக்கும். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்வதையும் நோட்டில் எழுதிக்கொள்.

ரிகர்சல் ராத்திரி ஒன்பதைத் தாண்டும். மெட்ரோ இப்போது விம்கோ நகர் வரை போகிறது, நாங்கள் கடைசி 29சி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்த காலம் மாதிரி இல்லை; இருந்தாலும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துக்கொள். நோட்டோடு பென்சில் எடுத்துப் போ, ரப்பர் வைத்தது. பேனா வேண்டாம். எந்த டைரக்டரும் நாடகத்தன்று சாயங்காலம்வரை க்யூவை மாற்றாமல் இருந்ததில்லை.